கோபால்ட் ஏன் ஒற்றையாக வந்தது?

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகும் ரோட்டில் தனலட்சுமி அம்மாவின் காயலான்கடை. நான் அங்கே போன அன்று கத்திரி வெயில். கேட்டில் எச்சரிக்கையாகச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். வேலை செய்யும் பெண்கள் ஒருவரும் வரவில்லை. அந்த அம்மா மட்டும் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

முந்தைய நாள் அவர் அனுப்பிய இரும்பு லோடு, இரும்பை உருக்கும் பவுண்டரியின் கேட்டில் கதிர்வீச்சு அலாரத்தை அலற வைத்துவிட்டது. வெயிலில் கிடந்த அவர்களுடைய கைக்கருவி, ஆபத்தான கதிரியக்கப் பொருளான ‘கோபால்ட்-60’ என்று காட்டியது. லாரியைக் கடைக்கே திருப்பிவிட்டு எங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவுக்கு போன் செய்தார்கள். நானும் கோபால்ட் என்று எழுதினால் கடைக்கு சீல். அப்புறம் எந்த பவுண்டரியும் அவரிடம் இரும்பு வாங்காது.

“இன்னா சார், நெசமாவே பாம் கீதா உள்ள?”

“பாம் எல்லாம் இல்லம்மா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

“நேத்து பூரா கிட்ட நின்னு ஏத்திக்கினு இருந்தேன். இனிமே தள்ளி உக்காந்து இன்னா ஆவப் போவுது?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, கதிர்வீச்சின் அளவைக் காட்டும் சர்வே மீட்டரோடு லாரியைச் சுற்றினேன். அளவு வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம், அதுவும் மூன்று டிரம்கள் இருந்த மூலையில் மட்டும். அங்கே ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்தேன். காமாக் கதிரின் ஆற்றலை அளந்து, எந்தக் கதிரியக்க ஐசோடோப் என்று சொல்லும் கருவி அது. ஒவ்வொரு ஐசோடோப்புக்கும் திரையில் அதற்கென்று ஓர் இடத்தில் ஒரு முகடு, அதாவது பீக், எழும். கே.இ.வி. என்ற ஆற்றல் அலகில் 1332 பக்கத்தில் ஒரு பீக் எழுந்தது. என் கருவியும் கோபால்ட் என்றே பெயர் போட்டது.

ஆனால் கோபால்ட் ஒற்றையாக வராது. 1173-ல் ஒன்று, 1332-ல் ஒன்று, இரட்டைப் பிள்ளைகள் போல ஜோடியாகத்தான் வரும். இங்கே 1173-ல் ஒன்றுமே இல்லை. கதிரைத் தடுக்கும் ஈயக் கூட்டில் யாராவது வைத்து மறைத்திருந்தால் ஈயத்தின் எக்ஸ்ரே பீக் 75 பக்கத்தில் தெரிந்திருக்கும். அதுவும் இல்லை. கருவியைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்லாகச் சுட்டது. இந்த வகை டிடெக்டர் சூடேறினால் பீக் எல்லாம் கீழே இறங்கிவிடும்.

சோதனைக்கென்று நான் கொண்டுபோகும் சீசியம் பட்டனை முன்னால் வைத்தேன். 662-ல் நிற்க வேண்டிய அதன் பீக் 600 பக்கத்தில் நின்றது. அந்த இறக்கத்தைச் சரிக்கட்டக் கருவியின் கெயினைத் திருத்தி, பட்டனை அப்புறப்படுத்திவிட்டு மறுபடி அளந்தேன். பீக் 1460-ல் போய் உட்கார்ந்தது. பொட்டாசியம்-40. வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் இயற்கையாகவே இருப்பது.

“கோபால்ட் இல்லம்மா, வெறும் பொட்டாஷ் உரம். பயப்படாதீங்க.”

துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், தலையைக் குனிந்துகொண்டார்.

“இரும்பு லோடுல பொட்டாஷ் எப்படிம்மா வந்துது?”

வாயை நசுக்கி மூடியிருந்த ஒரு டிரம்மைக் கடப்பாரையால் நெம்பினேன். உள்ளே கல்லாக இறுகிய சிவப்புப் பொட்டாஷ்.

“உரக்கடையில தூக்கிப் போட்டது சார். எடைக்கு ஆவும்னு நான்தான் அடச்சி வெச்சேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கோபால்ட்டுனே எழுதிட முடியாதா? மானமாச்சும் மிஞ்சும்.”

“கடை மிஞ்சாதும்மா.”

பிறகு அவரே பவுண்டரி மேனேஜருக்கு போன் போட்டார்.

“சார், அணுவும் இல்ல ஒண்ணும் இல்ல. எடைக்கு நான் வெச்ச பொட்டாஷ். தப்புதான்.”

மேனேஜர் சிரித்த சிரிப்பு தள்ளி நின்ற எனக்கே கேட்டது. “எங்க ஆளுங்கள எல்லாம் ஓட வெச்சிட்டீங்களேம்மா. அந்த மூணு டிரம்மயும் எறக்கிட்டு லோடை அனுப்புங்க.”

நான் கருவியைப் பெட்டியில் வைக்கும்போது தனலட்சுமி அம்மா பக்கத்தில் வந்தார்.

“இந்த மெஷின் எங்க சார் கெடைக்கும்?”

“உங்களுக்கு எதுக்கும்மா?”

“எனக்கு விக்கிறவன் டிரம்முல இன்னா வெச்சிக்கீறான்னு பாக்கத்தான்.”

புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கருவி போடும் பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயருக்கு இருக்க வேண்டிய மற்ற பீக்குகளையும் தேடுங்கள். அன்று நான் 1173-ஐத் தேடாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், மூன்று டிரம் உரத்துக்காக அந்த அம்மாவின் பிழைப்பு போயிருக்கும்.