ஆயாவைக் கூட்டிப்போக ஆள்

எங்கள் மனமகிழ் மன்றத்துக்குள் இப்போது கழிப்பறை இருக்கிறது. வெள்ளை ஓடு பதித்தது, சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும். வயதானவர்கள் மழையில் நனையாமல், வழுக்கி விழாமல் போய் வரலாம். நானும்தான் போய் வருகிறேன். போகும்போதெல்லாம் ராக்காயி ஆயா நினைவுக்கு வந்துவிடுகிறார். அவர் படுத்திருந்த அறை அதுதான்.

சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் சாலையில், சுண்ணாம்பு மலைக்கு அடியில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. முன்பு ரப்பர்த் தோட்டம். எழுபதுகளின் நடுவில் தோட்டம் கைமாறியது. இளசுகள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று வேலை தேடிப் போய்விட்டார்கள். தோட்டத்தை வாங்கியவர் முழுக்கக் கல்நெஞ்சர் இல்லை. வேலையிலிருந்து ஓய்ந்த கிழடுகள் இருந்துகொள்ளட்டும் என்று இரண்டு வரிசை லயத்து வீடுகளையும், சாலையோரம் இருந்த ஆயாக் கொட்டாயையும் விட்டுக்கொடுத்தார்.

ஆயாக் கொட்டாய் என்றால், விடியுமுன் பால்மரம் சீவப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். குழந்தைகள் ஒழிந்த கொட்டாயில் நாங்கள் கேரம் பலகையைப் போட்டோம், ரேடியோ வைத்தோம், 'மனமகிழ் மன்றம்' என்று எழுதி வாசலில் மாட்டினோம். தொட்டில் கட்டிய உத்தரத்துக்குக் கீழேயே உட்கார்ந்து நாங்கள் விளையாடுவதைப் பார்த்து, "பல்லு இல்லாத கூட்டம் இந்தக் கொட்டாய்க்குப் புதுசா என்ன?" என்பார் ராக்காயி ஆயா.

அவர்தான் அந்தக் கொட்டாயின் ஆயா. தோட்டத்தில் பிறந்த முக்கால்வாசிப் பிள்ளைகள் அவர் கைச்சோறு தின்றவர்கள். அவரைவிட மூத்த நாங்கள்கூட அவரை ஆயா என்றே கூப்பிட்டோம்.

அவருக்கென்று பிள்ளை கிடையாது. கல்யாணமான புதிதிலேயே ஜப்பான்காரன், சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்தான். நான் காட்டுக்குள் ஒளிந்து தப்பித்தேன். அவர் கணவர் பிச்சைமுத்து மாட்டிக்கொண்டார். ஆட்களை இந்தக் கொட்டாய் வாசலில்தான் லோரியில் ஏற்றினார்கள். "இங்கயே இரு, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. செத்தார் என்று வந்து சொல்லவும் ஆளில்லை. சண்டை முடிந்து வந்த துரை, ராக்காயியைக் கொட்டாயில் ஆயாவாகப் போட்டார். தனிக்கட்டைக்கு லயத்தில் வீடு இல்லை என்பது தோட்டத்துச் சட்டம். கொட்டாயின் பின்பக்கம், குழந்தைகளுக்குப் பால் காய்ச்சும் சின்ன அறையில் அவர் படுத்துக்கொண்டார். பிறகு வீடுகள் காலியானபோதும் அவர் அங்கிருந்து நகரவில்லை. சாலையிலிருந்து வருகிறவர் கண்ணில் முதலில் படுவது கொட்டாய்தான் என்பார். நெற்றியில் குங்குமம் வைப்பதையும் அவர் விடவில்லை.

ஆயாவிடம் ஒரு பழக்கம் உண்டு. விட்டுப்போன ஆளே வந்து வாங்கினால்தான் பிள்ளையைக் கொடுப்பார். ஒருநாள் வீரம்மா, காட்டில் காலில் கத்தி பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வரும்வரை, கொட்டும் மழையில் அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆயா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரி கேட்டும் கொடுக்கவில்லை. "வாங்கிக்க ஆத்தா வராம புள்ளய அனுப்புனா, அதுக்குப் பேரு வெரட்டுறது," என்றார்.

எண்பத்து மூன்றில் மன்றத்தின் தகரக் கூரை ஒழுக ஆரம்பித்தது. பலகைச் சுவரைக் கரையான் தின்றுவிட்டது. புதுப்பிக்கலாம் என்று கூட்டம் போட்டோம். தலைவர், பழைய மண்டோர் ராமையா. தோட்டத்தில் எங்களை மேய்த்த அதிகாரம் அவர் தொண்டையை விட்டு இன்னும் போகவில்லை. ஈப்போவிலிருந்து ஆ லெக் என்கிற சீனக் குத்தகைக்காரர் வந்து இடத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

கூரை, சுவர், தரை பற்றி யாருக்கும் சண்டை இல்லை. சண்டை கழிப்பறையில் வந்தது. அது மன்றத்துக்குள்ளேயே வேண்டும் என்றார்கள். நியாயம்தான். வெளிக் கழிப்பறைக்குப் போன பத்துமலை, முந்தைய மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அன்றிலிருந்து கோல்தான்.

"எடது பக்கம் கட்டுனா குழி தோண்டணும். கீழ பூரா பாறை. ஒடைக்க மூவாயிரம் வெள்ளி கூடக் கேக்குறான் லா," என்றார் ராமையா.

"வலது பக்கம்?" என்றார் பத்துமலை.

"அங்க வெறும் மண்ணு. ஒரு ஸ்டோர் ரூம் இருக்கு. அதத் தட்டிட்டா சூசா இல்ல, வேலை சுளுவா முடிஞ்சிரும்."

தேநீர்க் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ் மண்டோர், அது ஸ்டோர் ரூம் இல்ல. ஆயா படுக்குற ரூமு."

"தெரியும் ஐயாவு. நான் என்ன ஆயாவ வேணாம்னா சொன்னேன்? மூவாயிரத்துக்கு நீ வழி சொல்லு."

நான் ஓய்வுபெற்ற லோரி டிரைவர். மூவாயிரத்துக்கு எங்கே போவேன்? பிள்ளைகளிடம் கேட்கலாம் என்றேன். அவ்வளவுதான், கூட்டத்தில் ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஏற்கனவே கேட்டு வாங்கியாச்சு அண்ணே," என்றாள் வீரம்மா. "இன்னொரு தடவ கேட்டா மருமக மூஞ்சியப் பாக்க முடியாது."

அவள் சொன்னதும் பொய் இல்லை. எல்லார் வீட்டிலும் அதே கதைதான். பாறையை நாமே உடைக்கலாம் என்றார் ஒருவர். அவரால் மூச்சுவாங்காமல் இந்த வார்த்தையைச் சொல்லி முடிக்கவே முடியவில்லை. சிரித்தோம். கழிப்பறையே வேண்டாம் என்றார் இன்னொருவர். பத்துமலை கோலைத் தரையில் தட்டி, "ஒன் இடுப்பு ஒடையட்டும், அப்பப் பேசு" என்றார். பேச்சு சுற்றிச் சுற்றி அந்தச் சின்ன அறையிலேயே வந்து நின்றது. இத்தனையும் ஆயா காது கேட்க.

அப்போது வீரம்மா எழுந்தாள். "எம்புள்ளைங்க மூணையும் வளத்தது ஆயா. என் வீட்டுல வந்து இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

மனசாரத்தான் சொன்னாள். அவள் சொன்னதும் மற்றவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதென்ன ஒன் வீட்டுல மட்டும்? எங்க வீட்டுல புள்ள வளரலியா?" என்றார் பத்துமலை. ஆளுக்கு ஆள் கூப்பிட ஆரம்பித்தார்கள். கோயில் ஏலத்தில்கூட இப்படிப் போட்டி நடந்து நான் பார்த்ததில்லை. ராமையா கையை உயர்த்தி, வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்தார். எல்லாரும் கை தட்டினோம். அந்தக் கைதட்டலில் பாறை செலவில்லாமல் உடைந்துவிட்டது.

பிறகு ஓட்டெடுத்தோம். எங்கள் கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு கைதான் தூக்கலாம். வீடு இல்லாததால் ஆயாவுக்குக் கை இல்லை. எங்கள் வீட்டுக் கையை என் மனைவி மாரியம்மா எனக்கு முந்தித் தூக்கிவிட்டாள், முட்டிவலியோடு வெளிக் கழிப்பறைக்கு நடக்க அவளால் முடியவில்லை. கடைசியில் ராமையா மரியாதைக்காக, "ஆயா, ஒனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார்.

ஆயா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "சம்மதம். ஒன்னு மட்டும். சாயங்காலமானா அந்தந்த வீட்டுக்காரவுக இங்க வந்து என்னயக் கூட்டிட்டுப் போகணும். நானாப் போயி யாரு வாசல்லயும் நிக்க மாட்டேன்."

"இதென்ன பெரிய காரியம்!" என்றோம்.

அறையை உடைத்த அன்று ஆயா அந்தப் பக்கம் வரவில்லை. அவருடைய தகரப் பெட்டி ராமையா வீட்டு மூலையில் போய் உட்கார்ந்தது. மாற்றுச்சேலை ஒன்றும் போர்வை ஒன்றும் வைத்து மூட்டை கட்டிக்கொண்டார். முதல் சுற்றில் அவருக்கு ராஜ மரியாதை. வீரம்மா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு கூட்டிப்போக வந்தாள். பத்துமலை வீட்டில் கோழி அடித்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் ஆயாவுக்கு ஆள் வந்துவிடும்.

இரண்டாவது சுற்றில் ஆறு மணியானது. பிறகு ஏழு. பிறகு, படிவரை வருவதற்குப் பதில் வேலியோரம் நின்று, "ஆயா, வா லா" என்று சத்தம் கொடுத்தார்கள். ஆயா அசைய மாட்டார். கிட்டே வந்து கையைப் பிடித்தால்தான் எழுவார். "கெழவிக்குத் திமிரு" என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு வீட்டில் அவருக்குத் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் படுக்கை, இன்னொன்றில் நடையில். அவர் குறை சொன்னதில்லை. எங்கள் வீட்டு முறை வந்தபோது மட்டும் ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே என் மனைவியிடம் கேட்டார்.

"மாரி, இப்ப அவரு வந்தா எந்த வீட்டுலன்னு போயித் தேடுவாரு?"

நாற்பது வருஷம் கழித்து இந்தக் கேள்வி. மாரியம்மா சிரித்துவிட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

மறு வருஷம் தீபாவளி வந்தது. மன்றத்தில் புதுத் தொலைக்காட்சி வைத்திருந்தோம். தீபாவளிக்கு மறுநாள் முறை மாறும் நாள். வீரம்மாவின் வாரம் முடிந்து பத்துமலையின் வாரம். ஆனால் பத்துமலை குடும்பம் மகன் வீட்டுக்குத் தெலுக் இந்தான் போகக் கிளம்பிவிட்டது. என் பழைய வேனில் நானும் மாரியம்மாவும்தான் அவர்களைக் கொண்டுபோனோம். 'ஆயாவை இன்னொரு ராத்திரி வச்சுக்கச் சொல்லி வீரம்மாகிட்டச் சொல்லுங்க' என்று பத்துமலை ராமையாவிடம் சொல்லியிருந்தார். ராமையா வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்த கூத்தில் மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் தொலைக்காட்சியில் தமிழ்ப் படம். மன்றம் நிறைந்து போயிற்று. படம் முடிந்து வெளியே வந்த ஒவ்வொருவரும் படியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஆயாவைப் பார்த்திருக்கிறார்கள். "இன்னும் வரலியா? வந்துருவாக ஆயா" என்று சொல்லியும் இருக்கிறார்கள். கடைசியாக வந்தவர் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினார். பத்துமலை வீட்டு விளக்கு எரியாததை யாரும் கவனிக்கவில்லை. வீரம்மா தன் வாரம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

விடியற்காலை நாங்கள் திரும்பி வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. வேன் வெளிச்சத்தில் படியில் ஆயா. போர்வையை முக்காடு போட்டிருந்தார். மூட்டை நனையாமல் மடியில் இருந்தது. மாரியம்மா கத்திய கத்தலில் லயமே எழுந்து வந்துவிட்டது.

வீரம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். "ஐயோ ஆயா! நாலு எட்டுல என் வீடு. வந்து கதவத் தட்டக் கூடாதா?"

ஆயாவுக்குக் குளிரில் தாடை நடுங்கியது. ஆனாலும் சொன்னார். "ஒம்புள்ளய நான் ஒருநாளு இந்தப் படியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன் வீரம்மா. ஆத்தா வருவான்னு அதுக்குத் தெரியும். அழுவல."

வீரம்மா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ராமையா தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே பாறையை உடைத்து ஆயாவுக்கு அறை கட்டித் தருவதாகச் சொன்னார். இப்போது காசு பற்றிப் பேச்சே இல்லை. ஆயா யாரையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் பக்கம் திரும்பி, "ஐயாவு, ஈப்போல வயசானவங்கள வச்சிப் பாக்குற எடம் இருக்காமே. கொண்டு போயி விடு" என்றார்.

எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. இரண்டு நாள் காய்ச்சலில் எங்கள் வீட்டில் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் தானே மூட்டையோடு வந்து வேனில் ஏறிக்கொண்டார். யாராவது வந்து கையைப் பிடிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

கொட்டாயைத் தாண்டும்போது வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை.

"யாராச்சும் என்னயத் தேடி வந்தா, இங்க இல்லன்னு சொல்லிரு."

"யாரு ஆயா வருவா?"

அவர் கொட்டாய் வாசலைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தேன், நெற்றியில் குங்குமம் இல்லை.

"ஒருத்தரும் வர மாட்டாக. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்."

அடுத்த மழைக்காலத்தில் அந்த இல்லத்திலேயே அவர் இறந்துபோனார். இப்போது மன்றத்துச் சாவி என்னிடம் இருக்கிறது. சாயங்காலம் பூட்டிவிட்டு, சாலை இருட்டும்வரை படியில் உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்து கேட்டால் சொல்ல வேண்டுமே.