பஞ்சு வைக்காத டப்பா

நாமக்கல்லில் எச்.ஐ.வி. மாத்திரை வாங்கித் திரும்பும் நாங்கள் எல்லோரும் டப்பாவுக்குள் பஞ்சை அடைப்போம். பஸ்ஸில் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. எங்களில் ஒரு அக்கா மட்டும் அடைக்கமாட்டார்.

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கறுத்த விரல்கள். நெற்றி நிறையக் குங்குமம். பரமத்தி வேலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்ததுமே மடியிலிருந்த பை கிலுகிலுத்தது.

"பயமா இல்லீங்களாக்கா?" என்று முணுமுணுத்தேன். எனக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகியிருந்தது.

"பயந்தேன் சாமி. ஊட்டுக்குள்ளயே கெடந்தேன். சோறு எறங்கல, எதுக்கு இருக்கோணும்னு ஆயிப்போச்சு. மனசு டாக்டரம்மாகிட்டப் போய் அழுது தீத்தேன். உசுரக் காப்பாத்துற மாத்திரைய எதுக்குத் திருட்டுச் சாமானாட்ட ஒளிக்கோணும்?"

முன் சீட்டுக்காரர் திரும்பி, "என்னுங்க சத்தம்?" என்றார்.

"எச்.ஐ.வி. மாத்திரைங்க. சக்கரைக்காரங்க திங்கறாப்பல, தெனமும் ஒண்ணு" என்று பையை இன்னொரு தரம் குலுக்கிக் காட்டினார்.

முன் சீட்டுக்காரர் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

அக்கா இறங்கிய பிறகு, என் டப்பாவைத் திறந்து பாதிப் பஞ்சைப் பிய்த்து வெளியே எறிந்தேன். மீதியை எடுக்க அவர் இன்னொரு தடவை என் பக்கத்தில் உட்கார வேண்டும்.