திரி ரூமில் ஓடிய சைக்கிள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன நான், விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி கட்டினேன். சொட்டுத் தண்ணீர் வராது என்று ஊரே சிரித்த கரிசலில் கிணறு வெட்டினேன், இன்றும் ஊறுகிறது. பேங்கில் உட்காரக்கூடச் சொல்லாத காலத்தில், விருதுநகரில் மாடிவீடு எழுப்பினேன். என் மகள் சைக்கிளில் ஜெயித்ததும் நான் கட்டியதுதான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அவள் கல்லூரியில் படித்தாள். டைம் டிரையல் என்று ஒரு போட்டி. ஒவ்வொருவராக விடுவார்கள், பந்தயம் கடிகாரத்தோடு. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அவளுக்கு அது கடைசி வாய்ப்பு. ஆனால் அவளோ தொடக்கத்திலேயே முழு பலத்தையும் கொட்டிவிடுவாள். பாதி வழியில் கால் கல்லாகிவிடும்.

மதுரையிலிருந்து வந்த கோச், சக்கரத்தில் பவர் மீட்டர் மாட்டினார். மிதிக்கிற பலத்தை வாட்ஸ் கணக்கில் அது கைப்பிடிப் பக்கம் காட்டும். அவள் எம்மட்டும் தாங்குவாள் என்று சோதித்து ஐந்து ஸோனாகப் பிரித்தார்.

“நாலாம் ஸோன்லயே போகணும் அண்ணாச்சி. அஞ்சுக்குப் போனா சீக்கிரம் கால் செத்துரும்.”

“நம்பரைப் பாத்தா பரீட்சை ஹால்ல இருக்க மாதிரி இருக்குப்பா,” என்றாள் மகள்.

“நம்பரை விடு தாயி. நம்ம கம்பெனிய நெனச்சுக்கோ,” என்றேன். “ஒண்ணு, வாசல் வேப்பமரம். ரெண்டு, பேக்கிங் ரூம். பேசிக்கிட்டே வேலை பாக்கலாம். மூணு, காகிதக் குழாய் சுத்துற எடம். நாலு, வெடிக்குத் திரி வைக்கிற திரி ரூம். பேச்சே கூடாது, ஆனா அம்புட்டு நேரமும் இருக்கலாம். அஞ்சு, வெடிமருந்து கலக்குற மருந்து ரூம். போனமா, முடிச்சமா, வெளிய வந்தமான்னு இருக்கணும்.”

கோச் சிரித்தார். “ஆறாவது ரூம் இல்லையா அண்ணாச்சி?”

“லைசென்ஸ் அஞ்சுக்குத்தான் சார்.”

போட்டியன்று காலை சாத்தூர்ச் சாலை வெயில் ஏறாமல் பால்போல் கிடந்தது. திரும்பும் இடத்தில் நின்றேன். தூரத்தில் மகள் ஒரு புள்ளி. வருகிறாளா நிற்கிறாளா என்றே தெரியவில்லை. சோளத்தட்டைகள் அவள் பக்கமாகச் சாய்ந்து ஆடின. எதிர்காற்று. வேகம் குறையத்தான் செய்யும். அதற்கு மிரண்டு அழுத்தினால் தீர்ந்தது. அவளுக்குப் பின்னால் கிளம்பிய பெண் ஒருத்தி அவளைத் தாண்டியே போய்விட்டாள். மகள் எழுந்து நின்று மிதிக்கப் போனாள். கனவில் ஓடுகிறவன்போல நின்ற இடத்திலேயே என் கால்கள் ஓடின.

“ஏட்டி, திரி ரூம்! திரி ரூம்லயே இரு!”

உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் ஒரு தூக்கம் வந்து படிந்தாற்போல இருந்தது. திரும்பியபின் காற்று முதுகுப் பக்கம். சத்தமே இல்லாமல் அந்தச் சக்கரம் கரிசலின் மேல் மிதந்து போனது. தரையைத் தொட்டதா என்று எனக்கு இன்றும் சந்தேகம். தாண்டிப்போனவள் வழியில் சோர்ந்திருக்க, இவள் அவளைக் கடந்தாளாம். கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் மருந்து ரூமுக்குள் நுழைந்தாளாம். அணியில் இடம் கிடைத்தது.

பேப்பரில் கோச்சின் படமும் பவர் மீட்டரின் பெருமையும் வந்தன. ரூம் கணக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்று அவரிடம் கேட்டேன்.

“உங்களை மறப்பேனா அண்ணாச்சி?” என்றார்.

“மறந்துட்டீகளே சார்!”

இப்போது அவர் அகாடமியில் பிள்ளைகளுக்கு அதே ரூம் கணக்கைத்தான் சொல்லித்தருகிறாராம், சுவரிலேயே எழுதிவைத்து. மீட்டர் அவருடையதாகவே இருக்கட்டும். கால் என் மகளுடையது. ரூம் கணக்கு என்னுடையது. அது என் கணக்கு என்று அந்தச் சுவரிலேயே, தெருவில் போகிறவனுக்கும் தெரிகிற எழுத்தில், அவர் எழுதியாக வேண்டும்.