நாலு நொடி அண்ணன்

தியேட்டரில் ஆபரேட்டருக்கு முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ். முழங்கால் இரண்டும் எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டன. ஆள் மட்டும் இன்னும் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

அறுபதுகளின் மாணவர் போராட்டத்தைப் பற்றிய படம் ஒன்று, பெட்டியோடு அங்கேயே கிடந்தது. வருஷம் தவறாமல் கல்லூரிக்காரர்கள் அதைப் பகல் காட்சியாகப் போடச் சொல்வார்கள். பிள்ளைகள் கைதட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். மூன்றாவது ரீலில் நிஜ ஊர்வலம் ஒன்று வரும். கொடி பிடித்த மாணவன் ஒருவன் கேமராவைப் பார்த்துச் சிரிப்பான். மொத்தம் நாலு நொடி. அவன் ஆபரேட்டரின் அண்ணன். அன்றைக்குப் போனவன் வீடு வந்து சேரவில்லை. போலீஸுக்குப் பயந்து அப்பா போட்டோக்களை எல்லாம் அடுப்பில் போட்டார். சின்னவனான இவர் படிப்பையும் நிறுத்தினார். ஆக, அண்ணன் முகம் மிஞ்சியது அந்த ரீலில் மட்டும்தான். அதைப் பார்க்க ஒவ்வொரு வருஷமும் அக்கா வந்துவிடுவாள்.

முதல் வருஷம், அக்கா இன்னும் கொஞ்சம் பார்க்கட்டுமே என்று அந்த இடத்தில் ரீலை நிறுத்தினார். விளக்குச் சூட்டில் அண்ணன் முகம் பொசுங்கியது. தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமா அது? கருகியதை வெட்டி ஒட்டினார். ஒட்டுப்போட்ட இடம் அடுத்த வருஷம் அறுந்தது. அறுந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டித்தான் ஒட்டமுடியும். இப்படியே நாலு நொடி இரண்டாகி, ஒன்றாகிவிட்டது. வெட்டிய துண்டுகளைத் தூக்கிப்போட மனசு வராமல் ஒரு டப்பாவில் சேர்த்தார். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

இன்றைக்கு ரீலைச் சுற்றும்போதே அறுந்தது. மிச்சச் சிரிப்பும் போயிற்று. "சே, என்ன பொழப்பு" என்று வாய்விட்டே சொன்னார்.

படம் முடிந்து அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"என்னடா, அண்ணனைக் காணோம்? எனக்குத்தான் கண்ணு தெரியலையா?"

ஆமாம் என்று தப்பித்திருக்கலாம். பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. டப்பாவை நீட்டினார். அவள் ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் கருகிய ஓட்டை.

"நான்தான்க்கா. முதல் தடவை நிறுத்தினேனே, அப்பவே கெட்டுப்போச்சு. உங்கிட்ட சொல்ல வாய் வரல."

அக்கா துண்டைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

"அன்னைக்கு நானும் கீழே உக்காந்து, இது இப்படியே நின்னுடக் கூடாதான்னு வேண்டிக்கிட்டேன்டா."

டப்பாவை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். படியில் ஒரு கால் வைத்தவள் நின்றாள்.

"அடுத்த வருஷமும் சொல்லியனுப்பு. அவன்கூட நடந்த பசங்களையாவது பாத்துட்டுப் போறேன்."