மாதிரி வண்டிக்குள் நான் வைத்த இரும்பு

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே ல, எங்கே ள என்று இன்றும் தடுமாறுவேன். சுத்தியல் பிடித்துக் காய்த்த விரல்களில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது.

திருவள்ளூரில் லாரிக்கு பாடி கட்டும் ஷெட்டில் எனக்குத் தகர வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒருவர் வந்து சேர்ந்தார். மெட்ராஸ் மோட்டார் கம்பெனி ஒன்றில் படம் வரைகிற வேலையை விட்டுவிட்டு வந்தவர். சார் என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து மாதிரி வண்டிகளின் படங்களைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். ஒன்றுக்கு மீன் வால். ஒன்றுக்குக் கண்ணாடிக் குடத்தைக் கவிழ்த்த மாதிரி கூரை. ஒன்றுக்குச் சக்கரமே தெரியாது.

"இதெல்லாம் மேடையில நின்னு அழகு காட்டும். நம்மளது ரோட்டுல ஓடணும்" என்பார்.

அவருடைய வண்டிக்கு மூன்று சக்கரம், ஸ்கூட்டர் எஞ்சின். இரண்டு பேர் உட்காரலாம். முதலாளி ஷெட்டில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை போட இடம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், வண்டி நன்றாக ஓடினால் அதையே அங்கே செய்யலாம் என்று சொல்லியிருந்தார். சார் அதை நம்பித்தான் இருந்தார்.

"எடை ஏறக் கூடாதுப்பா, இது லாரி இல்ல" என்று என்னிடம் தினமும் சொல்வார். எங்கள் ஷெட் வழக்கம் வேறு. லாரியை எடுக்க வரும் ஓனர் கேபின் மேல் ஏறி இரண்டு குதி குதித்துப் பார்ப்பார். அமுங்கினால் ஏச்சுதான். இந்தக் கூரையோ கட்டைவிரல் பட்டாலே குழி விழுந்தது. வண்டியைப் பார்க்க வருகிறவர் கை வைத்து அழுத்தினால் என் வேலையைத்தானே குறை சொல்வார் என்று பயந்தேன். சாரிடம் கேட்க வாய் வரவில்லை. அவர் வண்டிக்குக் கண்ணாடி வாங்க மெட்ராஸ் போன இரண்டு நாளில், லாரிக்கு வைக்கிற இரும்புப் பட்டைகளைக் கூரையிலும் கதவிலும் சீட்டுக்கு அடியிலும் வைத்து வெல்டிங் அடித்து, மேலே ரெக்சின் ஒட்டி மறைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் கூரையைத் தட்டிப் பார்த்தார். "பலே, கல்லாட்டம் நிக்குதே!" என்று என் முதுகில் தட்டினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டு நின்றேன்.

கும்மிடிப்பூண்டிக்காரர் வந்தார். அவரும் சாரும் ஏறி உட்கார்ந்தார்கள். சமதரையில் வண்டி ஓடியது. ரயில்வே கேட்டுக்கு ஏறுகிற மேட்டில், பாதியில், முக்கி முக்கி நின்றுவிட்டது. நாங்கள் நாலு பேர் ஓடித் தள்ளினோம். கும்மிடிப்பூண்டிக்காரர் இறங்கி வேட்டியை உதறினார்.

"இன்னா நைனா, தள்றதுக்கு இந்த நாலு ஆளையும் வண்டியோட சேத்தே விப்பியா?"

கேட்டில் நின்ற கூட்டம் சிரித்தது. சாரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஒரு வாரம் தாள் தாளாகக் கணக்குப் போட்டார். பிறகு படம் ஒட்டிய அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். "உன் வேலையில ஒரு குறையும் இல்லப்பா. என் கணக்குதான் எங்கியோ தப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வருஷம் கழித்து அந்த வண்டியை உடைத்துப் பழைய இரும்புக் கடையில் போடச் சொன்னார் முதலாளி. நான்தான் உடைத்தேன். பட்டைகளை மட்டும் தனியாகத் தராசில் வைத்தேன். பிறகு நானும் ஏறி நின்று பார்த்தேன். ஏறக்குறைய ஒரே எடை. அன்று அந்த மேட்டில் வண்டிக்குள் மூன்றாவது ஆளாக நானும் உட்கார்ந்திருந்த மாதிரிதான்.

சார் இப்போது மீஞ்சூரில் லாரிகளுக்கு நம்பர் எழுதுகிறார். வேலை விஷயமாகப் போகும்போதெல்லாம் டீ வாங்கித் தருகிறார். போன மாதம் பேப்பரில் வந்த ஒரு புது மாதிரி வண்டியின் படத்தை அவரிடம் நீட்டினேன். பிரஷ்ஷை எடுக்காமலே சொன்னார்: "எனக்கு அதெல்லாம் வராதுப்பா. ஒரு தபா பாத்தாச்சே."

அன்றைக்கும் நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நேரில் எனக்குப் பேச வராது. ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டோடு இந்தத் தாள்களையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்கப் போகிறேன். சார், உங்கள் கணக்கு சரிதான்.

14 ஜூன் 1979, வியாழக்கிழமை