கடைசி வருஷத்து ஜீப்

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் இன்றும் என்னிடம் வந்து, எந்த வருஷத்து மாடல் நல்லது என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வருஷமா சேற்றில் இழுக்கிறது? வருஷமா பாரம் தாங்குகிறது? ஆனால் தங்கச் சுரங்க ஊரான எங்கள் தங்க வயலில் இந்தப் பைத்தியத்தைப் பரப்பியவனே நான்தான். கோபத்தை யார் மேல் காட்டுவது?

நான் டிப்ளமா படித்து, நந்திதுர்க் சுரங்கத்தில் ஷிப்ட் மேற்பார்வை பார்த்தவன். சுரங்கத்தை மூடிய பிறகு வண்டிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து ஒரு கொள்கை வகுத்துக்கொண்டேன். புது மாடல் வந்த முதல் வருஷத்து வண்டியைத் தொடக் கூடாது. குறைகளெல்லாம் அதில்தான் வெளியே வரும். ஒரு மாடல் நிற்கப் போகிற கடைசி வருஷத்து வண்டியைத் தேட வேண்டும். அதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்திருப்பார்கள். இது தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு அந்த வண்டி இருபது வருஷம் எங்கே நின்றது என்பதற்கு என் கொள்கையில் இடமே இல்லை.

என் தங்கையின் கணவருக்குப் பேத்தமங்களா ஏரிக்குக் கீழே தக்காளித் தோட்டம். மழை பிடித்தால் அந்த மண்பாதையில் டெம்போ வராது. பழம் செடியிலேயே அழுகும். நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று பார்த்துக் கொடுங்கள் என்றார். கடைசி வருஷம்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததில் இரண்டு நல்ல வண்டிகள் கைநழுவின. மூன்றாவதாக, சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டான கேஜில் என்னோடு இறங்கி ஏறிய பழைய தொழிலாளி ஒருவர் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். சரியாக நான் கேட்ட வருஷம்.

"மைன்ஸ் வண்டி சார். நம்ம வண்டிய நாமளே சந்தேகப்பட்டா அப்பால யாருதான் நம்புவாங்க?" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களை விழத்தட்ட இந்த ஒரு சொல் போதும். சுரங்கத்து இரும்பு இல்லாத வீடு இங்கே கிடையாது. கட்டில் கால், கதவுத் தாழ்ப்பாள், துணிக்கொடிக் கம்பி எதுவானாலும், மைன்ஸ் சாமான் என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

தங்கை கணவர் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் வருஷத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "மச்சான், நீங்க சொன்ன அதே வருஷம்!" என்றார். டயர் பார்க்க முன்பக்கம் போனார். நான் பின்பக்கம் குனிந்தேன்.

சுரங்கத்தில் வெடி போட்ட பிறகு உள்ளே போனால் முதல் வேலை, மேல்பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பது. கணீரென்றால் கெட்டி. பொத்தென்றால் பாறை உள்ளே பிளவு விட்டிருக்கிறது. அதன் கீழே ஆளை நிறுத்தக் கூடாது. அந்தப் பழக்கத்தில் ஸ்பானரால் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைத் தட்டினேன். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. பொத்தென்றது. இன்னொரு முறை தட்டினேன். அதே சத்தம்.

எழுந்து, "நல்ல வண்டி" என்றேன்.

ஏன் சொன்னேன்? மாதக்கணக்காகக் கொள்கை பேசியிருந்தேன். இதையும் வேண்டாம் என்றால், 'மச்சானுக்கு ஒன்றும் தெரியாது' என்று ஆகிவிடும். அவ்வளவுதான். இதைவிட கௌரவமான காரணம் என்னிடம் இல்லை.

அடுத்த மழையில், ஏரிக்கரையிலிருந்து இறங்குகிற திருப்பத்தில் சேசிஸ் முறிந்தது. தக்காளிப் பெட்டிகளோடு பின்னால் உட்கார்ந்திருந்த என் தங்கை கீழே விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்தது. இன்று வாக்கரைப் பிடித்துத்தான் வாசல்வரை வருகிறாள். அந்த ஜீப் வருஷக்கணக்காக, தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டின் ஓரத்தில் நின்றிருந்ததாம். காற்றடித்தால் அந்த மேட்டுத் தூசி எங்கள் வீட்டுச் சோற்றில்கூட விழும். அது இரும்பை உள்ளிருந்தே தின்றிருந்தது.

ஜீப்பை விற்ற அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குப் போய்த் தெருவே கூடும்படி கத்தினேன். "மனுஷனாய்யா நீ? பெயின்ட அடிச்சு எமனை வித்துட்டியே!"

அவர் கத்தவில்லை. "பெயின்ட் அடிச்சது நான்தான் சார், தப்புதான். ஆனா நீங்க ரெண்டு வாட்டி தட்டினீங்களே. நான் பாத்துனுதானே இருந்தேன்? மேல்பாறை அப்டி சத்தம் போட்டா எங்கள உள்ள உட்ருப்பீங்களா?"

அவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அவர் தெரிந்து மறைத்ததைத்தான் நானும் தெரிந்து மறைத்தேன்.

ஆறு மாதம் கழித்துத்தான் நான் தட்டிப் பார்த்ததைத் தங்கையிடம் சொன்னேன். அவள் வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு உன்ன இன்னா அடிச்சிருப்பாராண்ணா?"

வாக்கரைத் திருப்பி வாசல் பக்கம் நகர்ந்தபடியே சொன்னாள்.

"அவரு இன்னும் நீ சொன்ன வருஷத்து வண்டியத்தான் தேடினுகீறாரு. ஊரெல்லாம் போன் போட்டு வருஷம்தான் கேக்குறாரு. போய் நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

தோட்டத்துக்கு நடந்தே போனேன். அவர் செடிகளைக் குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்பானரால் தட்டியதையும், கேட்ட சத்தத்தையும், எழுந்து சொன்ன பொய்யையும் ஒன்று விடாமல் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த சணலை முடிச்சுப் போட்டு முடித்தார். அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

"வெயிலு ஏறுது. கெளம்புங்க சார்" என்றார்.

நாற்பது வருஷம் என்னை மச்சான் என்று கூப்பிட்டவர்.