அழுகைக்கு எக்கோ எடுக்கப் போன கதை

1. பானைக்குள் அழுகை

தென்காசியில் மைக் செட் கட்டி வயிறு வளர்த்தவன் நான். வயதான பிறகு மாடியில் ஒரு ரெக்கார்டிங் ரூம் போட்டு ஆடியோ புத்தகம் செய்கிறேன். பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. கரண்டுக்குத்தான் பயப்படுவேன்.

போன சாரல் சீசனில் ஒரு மெக்சிகோ பேய் நாவல், தமிழாக்கி, ஆடியோவாக்க என்னிடம் வந்தது. பெற்ற பிள்ளைகளை ஆற்றில் அமுக்கிக் கொன்ற ஒருத்தி, செத்த பிறகும் கரையோரம் அழுதுகொண்டே அவர்களைத் தேடுகிறாள். ஒரு சூனியக்காரி அந்த அழுகையைப் பிடித்துப் பானையில் அடைத்து, வேண்டாதவர்கள் வீட்டுப் பக்கம் திறந்துவிடுகிறாள். கேட்கிற குழந்தை, அம்மாதான் அழுகிறாள் என்று தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் பிள்ளையைக் காணோம் என்றால் அந்த ஊர்த் தாய்மார்கள் ஆற்றங்கரையில் வாய்விட்டு அழமாட்டார்கள்.

வாசித்தது இலத்தூர் செண்பகம். கல்யாண மண்டபங்களில் அறிவிப்புச் சொல்லிப் பழகிய குரல். அவள் அந்த அழுகையை அழுதபோது ஹெட்போனில் கேட்ட நானே வால்யூமைக் குறைத்தேன். பதிப்பாளருக்குப் போதவில்லை.

“ரூம்ல அழுவுற மாதிரியே இருக்கு சார். ஆத்தங்கரை எக்கோ வேணும்” என்றார் போனில்.

எனக்கும் கம்ப்யூட்டர் எக்கோ ஆகாது. எடுத்த குரலை வெளியிடத்தில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அந்த இடத்து எதிரொலியோடு மறுபடி மைக்கில் பிடிப்பது என் வழக்கம். குற்றாலத்துக்குக் கீழே, சிற்றாற்றில் கூட்டமில்லாத ஒரு வளைவைப் பார்த்து வைத்தேன்.

“அண்ணாச்சி, தண்ணிக்கரையில வச்சு அதப் போட வேண்டாம். எனக்கு மனசே சரியில்ல” என்றாள் செண்பகம்.

“ஏட்டி, மெக்சிகோ பேய் இங்கன வரணும்னா பாஸ்போர்ட் வேணும்லா?”

ஆனாலும் அவள் என்னோடு வண்டியில் ஏறினாள்.

2. எதிர்க்கரை

மத்தியானம் அந்த வளைவில் ஸ்பீக்கரை இறக்கி, பேட்டரியில் வயர் கொடுத்து, மைக்கை “ஹலோ” சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். கீழப்பாவூரிலிருந்து குளிக்க வந்த குடும்பம். நாலு வயதுப் பையனைக் காணவில்லை.

பையன் எதிர்க்கரைப் படித்துறையில் நின்றான். யார் பின்னாலோ, கொஞ்சம் தள்ளி இருக்கிற பாலத்தைக் கடந்து போயிருப்பான் போல. நடுவில் ஆறு செம்மண் நிறத்தில் இழுத்துக்கொண்டு போனது. அவனுடைய அப்பா பாலத்தைப் பார்த்து ஓடினார்.

“ஐயோ, எம் புள்ள! என்னப் பெத்த ராசா!” என்று தாய் கதறினாள்.

பையன் அம்மாவைப் பார்த்தான். ஒரு படி கீழே இறங்கினான். அவள் இன்னும் பெரிதாக அழுதாள். இன்னொரு படி. நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன்.

செண்பகம் பாய்ந்துபோய் அந்தப் பெண்ணின் வாயைப் பொத்தினாள்.

“அழாதட்டி! நீ அழ அழ அவன் தண்ணிக்குள்ள வருதான், பாரு!”

அப்படியே அவளை உட்காரவைத்துவிட்டு, என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். கல்யாண வீட்டில் பந்திக்கு அழைக்கிற அதே நிதானக் குரல், ஸ்பீக்கர் வழியாக ஆற்றைத் தாண்டிப் போனது.

“ஏலே மக்கா, அங்கனயே உக்காரு. ஒங்கப்பா வருதாவ. அம்மா எங்கயும் போகல. உக்காரு ராசா.”

பையன் பாதம் நனைந்தபடி யோசித்தான். பிறகு உட்கார்ந்தான். அப்பா வந்து தூக்குகிற வரைக்கும் செண்பகம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாலத்தைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாய் அவனை அடித்தாள், முத்தம் கொடுத்தாள், மறுபடி அடித்தாள்.

“அங்கன எதுக்குல போன?”

“அம்மா அழுதாவ. அதான் தேடிப் போனேன்” என்றான்.

“நான் எங்கல அழுதேன்? ஒன்னக் காணும்னுதான அழுதேன்!”

பையன் தலையாட்டி மறுத்தான். “அதுக்கு முன்னாடி” என்று வளைவுக்கு அப்பால் கையைக் காட்டினான். அங்கே ஆற்றையும் புதரையும் தவிர எதுவும் இல்லை.

செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். அழுகையை நாங்கள் அன்றைக்கு இன்னும் போடவே இல்லை.

சவுண்டு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எக்கோவைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.